நாலு மீட்டர்

உக்காருங்க தம்பி, இந்தப் பெஞ்சுல எடம் கெடக்கு. அந்த ஓரத்துக்கு மட்டும் போயிராதீங்க, கால் ஆடுது. எலும்பு டாக்டர் வார்டு வாசல்ல பெஞ்சுக்கே கால் சரியில்ல, இவுக நமக்குக் கால் வைக்கப் போறாக. உள்ள யாரு, அப்பாவா? தொடையில கம்பியா? சரி, சரி. நடந்துருவாரு.

நமக்கு சம்சாரம். சீனியம்மான்னு பேரு. இடுப்பெலும்பு. ஆபரேசன் முடிஞ்சு இன்னைக்கு அஞ்சாம் நாளு. இந்தா, இந்தக் கதவுக்கு அங்கிட்டுத்தான் வாக்கரக் குடுத்து நடக்க விடுறாக. எம்புட்டுத் தூரம்னு நெனைக்கிறீங்க? நாலு மீட்டரு. அதப் பாக்கத்தான் அருப்புக்கோட்டையிலருந்து மொத பஸ்ஸப் பிடிச்சு மதுரைக்கு வந்தேன். வந்து நின்னா, என்னைய வெளிய இருக்கச் சொல்லிட்டாக. என்னைய.

யாரு சொன்னாகங்கிறதப் பெறகு சொல்றேன். மொதல்ல யாரப் பாத்துச் சொன்னாகங்கிறதக் கேளுங்க. முப்பத்தி மூணு வருசம் பி.டி. வாத்தியாரு. குருவையா சார்னா எங்கூரு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இன்னைக்கும் நாலு பேரு எந்திரிச்சு நிப்பான். நான் ஒரு விசில் ஊதுனா ஆயிரத்தி எரநூறு பிள்ளைங்க ஒரே கோட்டுல நிக்கும். இந்தா, சட்டைப் பையில கெடக்கு பாருங்க, இதே விசில்தான். ரிட்டயர்டாகி பதினாறு வருசத்துல இது கழுத்த விட்டு எறங்குனதில்ல. நேத்துத்தான் எறங்குச்சு. அதையும் சொல்றேன்.

வீட்டுலயும் விசில்தான். ஒரு விசில்னா காப்பி. ரெண்டுன்னா குளிக்கப் போறேன், துண்டு வேணும். மூணுன்னா யாரோ வந்திருக்காக, வாசலுக்கு வா. பேரச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டத்தண்ணி வத்தணுமா? கல்யாணமாகி நாப்பத்தாறு வருசம், ஒரு நாளும் சீனியம்மா பிந்துனதில்ல. சில பேரு இதுக்குச் சிரிப்பாக. சிரிக்கிறவன் வீட்டுல போயிப் பாருங்க, ஒரு காப்பிக்கு அரைமணி நேரம் கெஞ்சிக்கிட்டுக் கெடப்பான்.

போன தை மாசம், பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும். ஜெசிந்தான்னு ஒரு பிள்ள எங்க தெருவுக்கு வந்துச்சு. வெள்ளக் கோட்டு, முதுகுல ஒரு பை, இருபத்தி ரெண்டு வயசு இருந்தாப் பெருசு. மெடிக்கல் காலேஜ்லருந்து வாரோம், உடற்பயிற்சி வைத்தியத்துக்குப் படிக்கிறேன், அறுபத்தஞ்சு வயசு தாண்டுனவுகள வீடு வீடாப் பாக்குறோம்னுச்சு. எதுக்கு தாயின்னு கேட்டேன்.

"ஒடம்பு எந்த அளவுக்குத் தளந்திருக்குன்னு அளக்குறோம் ஐயா. விழுந்து அடிபட்ட பெறகு பாக்குறத விட, முன்னாடியே தெரிஞ்சா சரி பண்ணிரலாம்."

தளர்ச்சிய அளக்குதாம். மல்லி வாங்குனா எடை போடுவாக, சட்டத் துணி எடுத்தா மீட்டர் போடுவாக. மனுசன் தளந்துட்டானா இல்லையாங்கிறதுக்கு ஒரு டேப்பும் ஒரு சாக்பீசும் எடுத்துக்கிட்டு ஒரு பிள்ள வந்து நிக்கிது. இதுக்குக் காலேஜ்ல நாலு வருசம் படிப்பு.

எங்க வீட்டுக்கு வாரதுக்கு முந்துன வாரமே எதுத்த வீட்டு வேலாயுதத்த அளந்துட்டாக. தாலுகா ஆபீஸ்ல எழுத்தரா இருந்த ஆளு. பஸ்ஸு நகந்துருச்சுன்னா ஓடிப் பிடிக்க மாட்டாரு, அடுத்த பஸ்ஸுக்கு நிப்பாரு, அப்பிடி ஒரு ஒடம்பு. மொத்தம் அஞ்சு விசயம் பாக்குறாக. எடை தானாக் கொறைஞ்சிருக்கா, எதச் செஞ்சாலும் அசதியா இருக்கா, வீட்டுல நடமாட்டம் உண்டா, கைப்பிடி எப்பிடி, நடை எப்பிடி. மூணு போச்சுன்னா தளந்தவன்னு எழுதிருவாக. வேலாயுதத்துக்கு நாலு போச்சு. மானமுள்ள மனுசன்னா கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடக்கணும். இந்தாளு தெரு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. இனி வாரா வாரம் அந்தப் பிள்ள வந்து நாற்காலியில உக்காந்து எந்திரிக்கச் சொல்லிக் குடுக்குமாம், கக்கூஸ்ல பிடிச்சுக்கக் கம்பி வைக்கச் சொல்லுச்சாம், தெனம் முட்ட திங்கச் சொல்லுச்சாம். "குருவையா, உக்காந்து எந்திரிக்கிறதுல இம்புட்டு இருக்காய்யா"ங்கிறாரு. எழுபது வயசுல ஒருத்தனுக்கு உக்காரச் சொல்லிக் குடுக்க ஆள் வருது. நான் அவருக்குப் பால்வாடின்னு பேரு வச்சேன்.

ஆக, என்னென்ன கேள்வி, எதுல எதுல போகும்னு எனக்கு முன்னாடியே தெரியும் தம்பி. டீம மைதானத்துல எறக்குறதுக்கு முன்னாடி எதிராளி ஆட்டத்தப் பாத்து வச்சுக்கிறவன்தான கோச்சு?

மொதல்ல எனக்குப் பாத்தாக. ஒரு இரும்புப் பிடி, அத அமுக்கணும். ஆம்பளைக்கு இருபத்தெட்டு கிலோ வந்தாத் தேறிட்டான். நமக்கு முப்பது. மூணாவது தடவையில. மொத ரெண்டு தடவை கையி வேர்த்து வழுக்கிருச்சு, அது கணக்குல இல்ல. பெறகு நடை. கூடத்துல சாக்பீசால ரெண்டு கோடு போட்டு, நாலு மீட்டர் நடந்து காட்டுங்க ஐயாங்கிது. நாலு மீட்டரு. மாவட்ட அளவுல நானூறு மீட்டர் ரிலேக்கு டீம் எறக்குனவன்கிட்ட. அதையும் போன்ல டைம் பாக்குது. நான் என் ஸ்டாப் வாட்ச்ச எடுத்து அது கையில குடுத்தேன், இதுல பாரு தாயின்னு. அஞ்சுல ஒண்ணு கூடப் போகல எனக்கு. திடகாத்திரம்னு எழுதுச்சு. அதச் சொல்ல ஒரு பிள்ள வரணுமாக்கும்.

அடுத்தது சீனியம்மா. அடுப்படியிலருந்து வந்து நாற்காலி நுனியில உக்காந்தா. அப்பத்தான் அந்தப் பிள்ள என்னையப் பாத்து ஒரு வார்த்த சொல்லுச்சு.

"ஐயா, அம்மாகிட்டத் தனியாக் கேக்கணும். ஒரு பத்து நிமிசம் வெளிய இருக்கீங்களா?"

எனக்கு வந்துச்சே கோவம். என் வீடு, என் நாற்காலி, என் பொண்டாட்டி. "நாப்பத்தாறு வருசமா அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாதது அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கேக்குறத இங்கனயே கேளு, இல்லாட்டிப் பையத் தூக்கு"ன்னு போட்டேன் ஒரு சத்தம். பிள்ள கேள்வித் தாளப் பிரிச்சிருச்சு.

"போன வாரத்துல எத்தன நாளு எதச் செய்யவும் முடியாம அசதியா இருந்துச்சும்மா?"

சீனியம்மா கொஞ்சம் யோசிச்சா. "சில நாளு காலைல எந்திரிக்கும்போது..."ன்னா.

"ஒரு நாளும் இல்லன்னு எழுதிக்க"ன்னேன். சில நாளுன்னு சொன்னா ஒரு பாயிண்டு போயிரும்ல? வெவரம் தெரியாம வாயக் குடுத்து மாட்டிக்கிறவ அவ. அந்தப் பிள்ள அவளையே பாத்துச்சு. மறுபடி கேட்டுச்சு. மறுபடியும் நானே சொன்னேன். நாலு தடவ கேட்டுச்சு தம்பி, அதே கேள்வி. படிச்ச பிள்ளைக்கு ஒரு தடவ சொன்னாப் புரிய வேணாமா?

எடை கொறைஞ்சிருக்கான்னுச்சு. கொறையலன்னேன். ஜாக்கெட்டெல்லாம் பிடிச்சுத்தான் தைச்சிருந்தா, அது எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா வயித்தக் கொற, வயித்தக் கொறன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், இப்பத்தான் கேட்டிருக்கா, அதப் போயிக் குத்தமா எழுதணுமா? நடமாட்டத்தக் கேட்டுச்சு. காலைல நாலரைக்கு எந்திரிச்சான்னா ஒக்கார மாட்டான்னேன். அது மட்டும் சத்தியமான பேச்சு.

பெறகு கைப்பிடி. பதினொண்ணு. பொம்பளைக்குப் பதினெட்டு வரணுமாம். நல்லா அமுக்கு, என் ட்ராக் சூட்டப் பிழியிற மாதிரி அமுக்குன்னேன். பதிமூணு வந்துச்சு. "குக்கர் மூடி திறக்க முடியுதாம்மா?"ன்னு கேட்டுச்சு அந்தப் பிள்ள. இவ என் மூஞ்சியப் பாக்குறா. முடியலைங்கிறது ஊருக்கே தெரியும், ஆறு மாசமா வேலாயுதம் பொண்டாட்டியத்தான் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுவா. அந்தக் குக்கர் ரப்பர் சரியில்ல தம்பி. அதோட பொம்பளைங்களுக்குப் பேச ஒரு சாக்கு வேணும்ல.

கடைசியா நடை. நீங்க எப்பயும் நடக்குற மாதிரி நடந்து வாங்கம்மான்னுச்சு. அந்தக் கோட்டுலருந்து கெளம்புனா. ஒரு கை செவத்துல. பாதத்தத் தரையோட இழுத்துக்கிட்டே வாரா. ஒம்பது செகண்டு. அஞ்சு செகண்டுக்குள்ள வரணும். எனக்கு மானமே போச்சு. பி.டி. வாத்தியார் பொண்டாட்டி நாலு மீட்டருக்கு ஒம்பது செகண்டு. எதுத்த வீட்டுப் பால்வாடி வேற அவரு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு.

ரெண்டு வாய்ப்பு உண்டு, எது வேகமோ அதத்தான் எழுதணும், அது அவுக சட்டம். நான் எந்திரிச்சேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னேன். விசில வாயில வச்சேன். ரெண்டு ஊது ஊதுனேன்.

நாலேகால் செகண்டு.

செவத்தத் தொடல தம்பி. முந்தானையச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தா பாருங்க, அப்பிடி ஒரு வேகம். வந்த வேகத்துல என் தோளப் பிடிச்சுக்கிட்டு நின்னா. மூச்சு வாங்குச்சு. வாங்கத்தான செய்யும், ஓட்டம்னா. ஜெயிச்சுட்டடின்னேன். அந்தப் பிள்ள தாளையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குது. எழுதிக்க, ஒங்க சட்டப்படி எழுதிக்கன்னேன். எழுதிக்கிருச்சு. அஞ்சுல ஒண்ணுதான் போச்சு, கைப்பிடி. தளந்தவ இல்லன்னு ஆயிருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் வேலாயுதம் வீட்டு வாசல்ல நின்னு நாலேகால் செகண்டு, நாலேகால் செகண்டுன்னு எத்தன தடவ சொன்னேன்னு எனக்கே தெரியாது.

அந்தப் பிள்ள அதோட விட்டுச்சா? மாசியில ஒரு தடவ வந்துச்சு, அம்மாவ இன்னொரு தடவ பாக்கணும்னு. கேட்டத் திறக்கல நான். பங்குனியில மறுபடி வந்து, "அம்மாவுக்குப் பயிற்சி மட்டுமாவது சொல்லிக் குடுத்துட்டுப் போறேன் ஐயா"ன்னு நிக்கிது. ஒரு பி.டி. வாத்தியார் வீட்டுல வந்து பயிற்சி சொல்லிக் குடுக்குதாம். "எங்க வீட்டுல யாருக்கும் பால்வாடி தேவையில்ல தாயி"ன்னு அனுப்பிட்டேன். சீனியம்மா சன்னல்ல நின்னு அது தெரு முக்குத் திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. என்னடி பாக்குறன்னேன். ஒண்ணுமில்லன்னா. ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லதான?

ஆனி மாசம் பதினாறு. காலைல ஆறே முக்கா. குளிக்கப் போனேன். ரெண்டு விசில் ஊதுனேன். வழக்கமா ஊதுறதுதான், கூட ஒரு ஊது ஊதல. வேகமா வான்னு ஒரு வார்த்த சொல்லல. தரையில தண்ணி கூடக் கெடையாது, நானே பாத்தேன். கூடத்துல, அன்னைக்குக் கோடு போட்ட அதே எடத்துல, கையில துண்டோட விழுந்து கெடந்தா. எந்திரின்னேன். முடியலைங்கன்னா. எந்திரிடி, ஒண்ணும் இருக்காதுன்னு கையப் பிடிச்சு இழுத்தேன். அப்பக் கத்துனா பாருங்க தம்பி, அந்தச் சத்தத்த நான் கேட்டதே இல்ல. ரெண்டு பிள்ள பெத்தப்பக் கூட அப்பிடிக் கத்தல. வேலாயுதந்தான் மொதல்ல ஓடி வந்தாரு. ஆமா, ஓடித்தான் வந்தாரு. வாசப்படியக் கூட ஒரே எட்டுல ஏறிட்டாரு. தூக்காதீங்க குருவையா, அப்பிடியே விடுங்கன்னு அந்தாளு எனக்குச் சொல்றாரு. ஆம்புலன்சுக்குப் போனப் போட்டதும் அவருதான். பதட்டத்துல எனக்கு நம்பர் அமுக்க வரல, அவ்வளவுதான்.

இங்க கொண்டாந்தா, யாரு நிக்கிறாங்கிறீங்க? அதே ஜெசிந்தா. படிப்ப முடிச்சுட்டு இந்த வார்டுலதான் பயிற்சிக்கு இருக்கு. ஆளப் பாத்ததும் என்னையப் பாத்து ஏதாவது குத்திக் காட்டும்னு நெனச்சேன். ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா நாலு பதில் சொல்லியிருப்பேன். சொல்லலங்கிறதுதான் எரிச்சல்.

நேத்து மொத தடவையா எந்திரிச்சு நிக்க வச்சாக. அந்தப் பிள்ள ஒரு பக்கம், சீனியம்மாவப் பாத்துக்க வந்திருக்குற அவ தங்கச்சி ஒரு பக்கம். மெதுவா, மெதுவா, அவசரமே இல்லம்மாங்கிது. மெதுவா மெதுவான்னா எவன் எந்திரிப்பான்? பத்து நிமிசமாச்சு. கட்டிலோரத்துல காலத் தொங்கப் போட்டு உக்காந்தே இருக்கா. நமக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான. எடுத்து ஊதிட்டேன்.

வார்டே எந்திரிச்சு உக்காந்துருச்சு. ஒரு கெழவி கையில வச்சிருந்த கஞ்சியக் கொட்டிருச்சு. நர்சம்மா ஓடி வந்து, கழுத்துலருந்து கழட்டி என் கையிலயே குடுத்து, "பையில போடுங்க சார், இன்னொரு தடவ எடுத்தீங்கன்னா கேட்டுக்கு வெளியதான்"னு பிள்ளைய மெரட்டுற மாதிரி மெரட்டுது. அதக் கூடத் தாங்கிக்கிருவேன் தம்பி. சீனியம்மா எந்திரிக்கப் பாத்தா. அதச் சொல்லணும். அந்தச் சத்தத்துக்கு, கம்பி வச்ச காலோட, வெடுக்குன்னு எந்திரிக்கப் பாத்தா. அந்தப் பிள்ள கட்டிப் பிடிச்சு உக்கார வச்சிருச்சு. அவ என்னையப் பாக்கல. அந்தப் பிள்ள கையப் பிடிச்சுக்கிட்டு அதப் பாத்துச் சொன்னா.

"இவுகள வெளிய இருக்கச் சொல்லு தாயி. இவுக இருந்தா நான் நடக்க மாட்டேன்."

இப்பத் தெரிஞ்சுதா யாரு சொன்னாகன்னு? டாக்டரு இல்ல, நர்சு இல்ல. நாப்பத்தாறு வருசத்துல என்னையப் பாத்து அவ ஒரு எடத்துலருந்து போகச் சொன்னதில்ல தம்பி. நேத்துக் கிறுக்குப் பிடிச்சுப் பேசிட்டா, மருந்து வேகம், இன்னைக்குச் சரியாயிருவான்னு வந்தா, இன்னைக்கும் அதே பேச்சு.

சரி, வெளிய வந்தேன். இந்த மேசையில அவ கேஸ் ஃபைல வச்சிருந்தாக. நம்ம ஃபைல நாம பாக்கக் கூடாதா? புரட்டுனேன். உள்ள அந்தப் பிள்ள சொருகி வச்ச தை மாசத்துத் தாளு இருக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் எதுத்தாப்புல, சின்ன எழுத்துல, 'பதில்: கணவர்'. 'பதில்: கணவர்'. 'பதில்: கணவர்'. நடைக்கு எதுத்தாப்புல, 'முதல் முறை ஒன்பது விநாடி, சுவர் பிடித்து. இரண்டாம் முறை கணவர் விசில் ஊதினார்.' அடியில ஒரு கோடு போட்டு, 'அம்மாவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.' பாத்தீங்களா அழுத்தத்த? எல்லாந் தெரிஞ்சுதான் இருந்திருக்கு அந்தப் பிள்ளைக்கு.

கொஞ்சம் எந்திரிச்சு அந்தக் கதவுக் கண்ணாடி வழியாப் பாருங்க தம்பி. நான் எட்டிப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும். நீலச் சேலை, சன்னல் பக்கம். நடக்குறாளா?

ம். பையத்தான் நடப்பா, அது எனக்கே கேக்குது. வாக்கர் தரையில ஊண்டுற சத்தம்தான இது. இந்தா ஒண்ணு. அடுத்தது எப்ப வருதுன்னு பாருங்க. இந்த லட்சணத்துல நாலு மீட்டரு முடிக்க நாலு நாளாகும்.

நின்னுட்டாளா? என்ன செய்யிறா? பேசுறாளா? அவ பேச மாட்டாளே தம்பி. நீங்க வேற யாரையோ பாக்குறீங்க. நல்லாப் பாருங்க, நெத்தியில ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும்.

அவதானா.

இன்னும் பேசுறாளா? கையக் காட்டிக் காட்டியா? அந்தப் பிள்ள என்ன செய்யுது, எழுதுதா? எழுதும், எழுதும். இன்னைக்கு உக்காந்து எழுதும். இத அன்னைக்கே எழுதியிருக்க வேண்டியதுதான. நாலு தடவ கேட்டுச்சாம், நாலு தடவ. என் மூஞ்சிக்கு முன்னாடி நாப்பது தடவ கேட்டாலும் அவ என்னத்தச் சொல்லிருவா? கெழவன் சத்தம் போட்டாப் போடுறான், பையத் தூக்குன்னு சொன்னாச் சொல்றான். எந்திரிங்கய்யான்னு சொல்றதுக்கு என்ன? படிச்ச பிள்ளதான, அம்புட்டும் தெரிஞ்சுதான இருந்துச்சு. என்னைய அன்னைக்கே வெளிய போகச் சொல்லியிருக்கணும் தம்பி.